ஆல்சீட் நார்சிஸின் நாட்கள் போய்ச் சேர்ந்த இடங்கள்

1974ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில், அமெரிக்கக் கால்பந்து ஆட்டமொன்றின் மூன்றாம் கால்பகுதியில், நெப்ராஸ்காக்காரனான வெண்டல் க்ரூப்பா மைதானத்துப் புல்லிலிருந்து எழுந்து உட்கார்ந்து, லூசியானாவில் ஒரு சர்க்கரை ஆலையின் உருளைகளுக்கு நடுவே தன் தகப்பனார் நசுங்கிச் செத்துப்போனதைச் சொல்லிச் சொல்லி அழுதான். அவனுடைய தகப்பனார் அந்த நேரத்தில் பதினான்காம் வரிசையில் மனைவியோடு உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். க்ரூப்பா லூசியானாவை வரைபடத்தில் பார்த்ததோடு சரி. கரும்பு ஆலை எப்படி இருக்கும் என்று கேட்டால் அதுவரை அவனுக்குச் சொல்லத் தெரியாது. இப்போது ஆலையின் சங்கு எந்தச் சுருதியில் ஊதும் என்பதும், கொதிக்கும் பாகின் வாடை சட்டையில் எத்தனை நாள் தங்கும் என்பதும், கடைசியாக உள்ளே போன கையில் எந்த விரலில் மோதிரம் இருந்தது என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. சக ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் அவனைக் கைத்தாங்கலாக ஓரத்துக்குக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். ஆட்டம் தொடர்ந்தது. அன்று க்ரூப்பாவின் வடக்கத்தி அணி ஏழு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது.

க்ரூப்பாவை இடித்துச் சாய்த்தவன் பெயர் ஆல்சீட் நார்சிஸ். வயது இருபத்தைந்து, எடை நூற்று இருபத்தெட்டு கிலோ, ஊர் லூசியானாவில் சென் ஒதில். தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பது அவன் தொழில். ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்திருக்க வேண்டும். பந்து அசைந்த கணத்தில் எதிரே மதில்போல நிற்கும் ஆட்களை இடித்து விலக்கிக்கொண்டு, அவர்களுக்குப் பின்னால் பந்தை எறிவதற்காக நிற்கும் குவார்ட்டர்பேக்கைத் தரையில் வீழ்த்த வேண்டும். அந்தக் காலத்தில் அவன் அளவுக்குத் தள்ளக்கூடியவன் இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. எங்கே கற்றான் என்று எழுதவில்லை. 1963ஆம் ஆண்டு அரவைப் பருவத்தில் அவனுடைய அப்பா யுலீஸின் கையை உருளை இழுத்தபோது பக்கத்தில் நின்றிருந்தவன் அவன்தான். பதினான்கு வயது. யாரோ ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தும்வரை அந்த இரும்பை இரண்டு கையாலும் எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தான். அன்றிலிருந்து அவன் தள்ளுவதை நிறுத்தவில்லை என்பதுதான் ஊரார் கருத்து.

1971 ஜூன் மாதத்தில் அவனைக் கட்டிக்கொண்ட ஏர்லினுக்கு இது முதல் அக்டோபரிலேயே தெரிந்துபோயிற்று. அரவை தொடங்கி ஆலைச் சங்கு ஊதியதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டை வைத்துவிட்டு எழுந்து, சமையலறைச் சுவரில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினான். சுவரில் விரிசல் விட்டது. அவள் அவன் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு சங்கு அடங்கும்வரை நின்றாள். நான்கு அக்டோபர் அப்படிக் கழிந்தது. ஐந்தாவது அக்டோபரில், அதாவது க்ரூப்பா புல்லில் உட்கார்ந்து அழுததற்கு அடுத்த வருடம், முழங்கால் வலிக்காக இரண்டு வாரம் ஊருக்கு வந்திருந்தபோது சங்கு ஊதியது. ஆல்சீட் ரொட்டியைக் குழம்பில் தோய்த்தபடியே, "ஆலை ஆரம்பிச்சுட்டாங்க போல" என்றான்.

ஏர்லின் அவனையே பார்த்தாள். "உங்கப்பா எப்படிச் செத்தாரு, ஆல்சீட்?"

"ஏதோ நோவுல போயிருப்பாரு. நான் சின்னப் பையன்தானே. ஏன் கேக்கற?"

அப்போதே பயந்திருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் அவள் சொல்வாள். அவள் பயப்படவில்லை. மறுநாள் கோயிலுக்குப் போய் மாதாவின் காலடியில் மெழுகுவத்தி ஏற்றி நன்றி சொன்னாள். அந்த மெழுகுவத்தியை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. தன் வாழ்க்கையில் செய்த பாவம் எது என்று பாதிரியார் கேட்கும்போதெல்லாம் அதைத்தான் முதலில் சொன்னாள்.

ஆல்சீட் இடித்த இடிகள் எல்லாவற்றிலும் நாட்கள் போகவில்லை. பருவத்துக்கு இரண்டு போகும், சில பருவத்தில் நான்கு. போன நாள் இடிபட்டவனிடம் போய்ச் சேர்ந்தது. டெக்சாஸ்காரன் ஒருவன் தன் பிள்ளைகளைத் தூங்கவைக்கும்போது, சென் ஒதிலில் சொல்வதுபோலப் பிரெஞ்சில் மாதாவின் மங்கள மந்திரம் சொல்லத் தொடங்கினான். அவனுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஓஹையோவில் இன்னொருவனுக்கு ஓடைக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகல் கிடைத்தது. அதில் மீன் எதுவும் மாட்டவில்லை, ஆனாலும் தன் சொந்தப் பிற்பகல்கள் எதையும்விட அதுவே அவனுக்குப் பிடித்திருந்தது. எதிரணிகளின் உடைமாற்றும் அறைகளில் இது வெகு சீக்கிரம் கேலியாகிவிட்டது.

"டேய், இவன் காலைலேந்து வெண்டைக்கா குழம்பு வேணும்னு உயிர எடுக்கறான்டா!"

"போன வாரம் யாரோட ஆட்டம்?"

"நார்சிஸோட."

"அப்ப சரி. ரெண்டு வருஷம் கழிச்சும் கேப்பான். நான் இன்னும் கேட்டுட்டுதான் இருக்கேன்."

ஆல்சீட்டுக்கு இந்தக் கேலி எட்டியதா என்று தெரியவில்லை. ஆட்டம் முடிந்ததும் அணி மருத்துவர் அவன் முகத்துக்கு நேரே விரல்களை நீட்டுவார். எத்தனை என்பார். மூன்று என்பான். மூன்றாகத்தான் இருக்கும். மருத்துவர் முதுகில் தட்டி அனுப்பிவிடுவார். விரல்களை எண்ணுவது அவனுக்குக் கடைசிவரை மறக்கவே இல்லை.

திங்கட்கிழமைகளில் ஏர்லின் வேறு கேள்விகள் கேட்டாள். காப்பியை ஊற்றிக்கொண்டே, சும்மா பேச்சுவாக்கில் கேட்பதுபோல, பள்ளிக்கூட வாத்தியார் பெயர், முதலில் வாங்கிய கார், தம்பி ஆற்றில் விழுந்த கதை. சில திங்கட்கிழமைகளில் எல்லாவற்றுக்கும் பதில் வரும். அன்றைக்கு அவள் பாடிக்கொண்டே துணி துவைப்பாள். 1979இல் ஒரு திங்கட்கிழமை, மூன்று வயதாகியிருந்த மகள் டெசிரே பிறந்த நாளைப் பற்றி ஏர்லின் கேட்டாள். அன்று பெரும் மழை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பாலம் மூழ்கியிருந்தது. கர்ப்பிணியான ஏர்லினைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தவன் அவன். ஊரே அதைப் பேசியிருந்தது. ஆல்சீட் மகளை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தான். "எனக்கு அன்னைக்கு ஆட்டம் இருந்துச்சோ?" என்றான்.

அந்த மழையும் பாலமும் அதற்கு முந்தைய நாள் கலிஃபோர்னியாக்காரனான லமார் ஸ்டோக்ஸிடம் போயிருந்தன. ஸ்டோக்ஸுக்குப் பிள்ளை கிடையாது. அந்த வருடத்திலிருந்து டெசிரேயின் பிறந்த நாளுக்கு ஒரு பொட்டலம் தபாலில் வரத் தொடங்கியது. அனுப்பியவர் பெயர் இருக்காது. 'என் மகளுக்கு' என்று மட்டும் எழுதியிருக்கும். ஏர்லின் பொட்டலத்தைப் பிரித்து, பொம்மையை மகளிடம் கொடுத்துவிட்டு, தாளை மடித்து அடுப்பில் போடுவாள்.

"போதும், விட்டுடு" என்று அந்தப் பருவ முடிவில் சொன்னாள். "நமக்கு இருக்கறது போதும். ஊருக்குப் போலாம்."

"விட்டுட்டு என்ன செய்யறது?"

"எதையாவது செய்யலாம். மீன் புடி. சும்மா உக்காரு."

"ஏர்லின், எதுத்தாப்புல ஒருத்தன் நின்னா அவனைத் தள்ளிட்டு உள்ள போகத் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது எனக்கு. ஏன் தள்றேன்னுகூடத் தெரியல. ஆனா தள்ளாம இருந்தா மூச்சு முட்டுது."

ஏன் என்று அவளுக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். உருளையைப் பற்றிச் சொன்னால் அந்தச் சங்கும் அந்தச் சுவரும் மறுபடி வந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள். இரண்டாவது பாவமாக அவள் பாதிரியாரிடம் சொன்னது இது.

1981 டிசம்பரில், உறைபனியில் தரை கல்லாகிக் கிடந்த ஒரு ஞாயிறு, ஆல்சீட் இரண்டு பேரை ஒரே இடியில் விலக்கிக்கொண்டு உள்ளே போய், டென்னி ஹால்வர்சன் என்ற குவார்ட்டர்பேக்கின் மார்பில் ஹெல்மெட் பட மோதினான். ஹால்வர்சன் மினசோட்டாக்காரன், பழுப்புத் தலைமுடியும் அளந்த பேச்சும் உடையவன், மனைவியும் இரண்டு மகன்களும் இருந்தார்கள். அவன் மல்லாந்து விழுந்து வானத்தைப் பார்த்துச் சிரித்தான். ஓடிவந்தவர்களிடம், "அவ வலது கைக் கையுறையைத் தொலச்சிட்டா. கோயில் வாசல்ல நின்னுகிட்டு அழறா. நான் என் இடது கையால அந்தக் கையை மூடிக்கிட்டேன், யாருக்கும் தெரியல" என்றான். அக்கார்டியன் வாசிப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினான். நாற்பதாயிரம் பேர் கத்திக்கொண்டிருந்த அந்த மைதானத்தில் அக்கார்டியன் எதுவும் இல்லை.

ஆல்சீட் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து, கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றான்.

"ஏர்லின், உன் பக்கத்துல நிக்கற இந்தத் தடியன் யாரு? நல்லா சூட்டு போட்டுக்கிட்டு."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். விளையாடுகிறானோ என்று முகத்தைப் பார்த்தாள். அவன் விளையாடவில்லை, அவன் கண்ணில் லேசான பொறாமைகூட இருந்தது. "அது நீதான்" என்றாள். அவன் படத்தை இன்னும் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, சரி என்றான், நம்பாதவன் மரியாதைக்குச் சொல்வதுபோல.

இன்னும் இரண்டு பருவங்கள் ஆடினான். மொத்தம் பன்னிரண்டு. விடைகொடுக்கும் விழாவில் அவனுக்கு ஒரு நாற்காலியும் தங்க முலாம் பூசிய ஹெல்மெட்டும் கொடுத்தார்கள். 1984இல் சென் ஒதிலுக்குத் திரும்பி ஓடைக்கரையில் வீடு கட்டிக்கொண்டார்கள். அந்த வருடம் கரும்பு நன்றாக விளைந்திருந்தது. முதல் சில வருடங்கள் அவன் தோட்டத்தில் வேலை செய்தான், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கினான். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு வழி மறந்தது. பெட்ரோல் பங்கும் காப்பிக் கடையுமாக இருந்த தியோஃபிலின் கடைக்குப் போகும் வழி மட்டும் இன்னும் கொஞ்ச காலம் நினைவிருந்தது.

"வாப்பா, ஆல்சீட்! என் பேரு என்ன சொல்லு பாப்போம்" என்பார் தியோஃபில், கல்லாவுக்குப் பின்னாலிருந்து.

"உன் பேரு எதுக்குய்யா எனக்கு? காப்பியைக் குடு."

"அதுசரி. பேரு மறந்தாலும் கொழுப்பு மறக்கல."

நாற்பத்தைந்து வயதில் அவனிடம் மிச்சமிருந்தவை வெகு சொற்பம். அரிசி களைவான். விரல்களை எண்ணுவான். மழை வரப்போவதை முழங்காலால் சொல்வான். ஏர்லினின் பெயரை ஒரு நாளைக்கு நூறு தரம் கூப்பிடுவான். ஏர்லின், தண்ணி குடு. ஏர்லின், அந்தக் குருவி பாரு. ஏர்லின், எங்க இருக்க? அவள் யார், எப்படி அந்த வீட்டுக்கு வந்தாள் என்பதெல்லாம் போயிருந்தது. பெயரும், அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்து இளகுவதும் போகவில்லை. அது இருக்கும்வரை எனக்குக் குறையில்லை என்று அவள் டெசிரேயிடம் சொன்னாள். டெசிரே அப்போது ஹூஸ்டனில் நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

1996ஆம் ஆண்டு புனிதர் அனைவர் திருநாளன்று, ஊர் வழக்கப்படி கல்லறைகளுக்கு வெள்ளையடிக்க வாளியும் தூரிகையுமாகப் போன ஏர்லின், யுலீஸ் நார்சிஸின் கல்லறையில் ஏற்கெனவே ஒருவன் முட்டிபோட்டுச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருப்பதைக் கண்டாள். ஆறரை அடி உயரத்து வெள்ளைக்காரன். கழுத்து வெயிலில் சிவந்திருந்தது.

"ஏங்க, இடம் மாறி வந்துட்டீங்க போல. இது எங்க மாமனார் கல்லறை."

அவன் திரும்பினான். கண்ணெல்லாம் நனைந்திருந்தது. "தெரியும்மா. எங்கப்பா."

ஏர்லின் வாளியைக் கீழே வைத்தாள். வெண்டல் க்ரூப்பா எழுந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இருபத்திரண்டு வருடமாக அக்டோபர் வந்தால் தனக்குச் சோறு இறங்குவதில்லை என்று சொன்னான். சோளம் அறுவடையாகும் நேரம். அறுவடை இயந்திரத்தின் பக்கத்திலேயே போகமாட்டான். சொந்தத் தகப்பனார் போன வசந்தத்தில் தூக்கத்தில் இறந்தபோது அழுகை வரவில்லையாம். "நான் அழறதெல்லாம் இவருக்கே போயிடுச்சும்மா. அதான் ஒரு தரம் நேர்ல பாத்துடலாம்னு வந்தேன்."

"அவரு சாவறப்போ ஏதாச்சும் சொன்னாரா?" என்று ஏர்லின் கேட்டாள். ஆல்சீட்டிடம் அவள் கேட்கத் துணியாத கேள்வி அது.

"விட்டுடு, நீ போயிடு, அப்படின்னாரு. நான் விடல."

அவள் அவனை வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டாள். ஆல்சீட்டும் க்ரூப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருவரையொருவர் அடையாளம் தெரியவில்லை. ஆனால் ரொட்டியை இருவரும் ஒரே மாதிரி பிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஏர்லின் மற்ற நாட்களையும் தேடத் தொடங்கினாள். க்ரூப்பா பழைய ஆட்டக்காரர்களுக்குச் சொல்லியனுப்பினான். ஒவ்வொருவராக வந்தார்கள்: டெக்சாஸ்காரன், ஓஹையோக்காரன், பெரிய பெரிய உடம்பும் தேய்ந்த முழங்காலுமாக, மரத்தாலான படிகளில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறி. லமார் ஸ்டோக்ஸ் வந்தபோது டெசிரேயும் ஊரில் இருந்தாள். அவளைப் பார்த்ததும் அந்த மனிதன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "அன்னைக்கு எவ்வளவு மழை தெரியுமா, கண்ணு?" என்று ஆரம்பித்தான். டெசிரே இரண்டு மணி நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தான் பிறந்த கதையைக் கேட்டாள். ஆல்சீட்டும் கேட்டான். பாலம் மூழ்கும் இடத்தில் அவனுக்குப் பதற்றமாகிவிட்டது. "அந்தப் பொண்ணு பொழச்சுதா?" என்று கேட்டான்.

ஹால்வர்சன் மட்டும் வரவில்லை. ஏர்லின் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான். அடுத்த வாரமும் கூப்பிட்டாள், அதற்கடுத்த வாரமும். ஒரு வருடத்துக்கு மேல் அப்படிப் போயிற்று. கடைசியில் 1998 மே மாதத்தில் ஒருநாள் காலை, க்ரூப்பாவின் வண்டியிலிருந்து க்ரூப்பாவோடு ஒல்லியான ஒரு நரைத்த மனிதனும் இறங்கினான். வாயிற்கதவுக்கு வெளியே நின்றான். ஏர்லினைப் பார்த்தான். 1971இல் ஆல்சீட்டின் முகத்தில் அவள் பார்த்து ஆசைப்பட்ட அந்தப் பார்வை, தலையைக் கொஞ்சம் சாய்த்து, தன் அதிர்ஷ்டத்தைத் தானே நம்பாதவன் பார்ப்பது, அந்த அந்நியனின் முகத்தில் அப்படியே இருந்தது.

"வரக்கூடாதுன்னுதான் பதினேழு வருஷமா இருந்தேன்" என்றான் ஹால்வர்சன். "என் சம்சாரம் என்னை விட்டுட்டுப் போயிட்டா. அவமேல தப்பில்ல. அவ பக்கத்துல இருக்கறப்போ நான் உங்களையே தேடிட்டிருந்தேன். உங்களை நான் பாத்ததுகூட இல்ல."

"உள்ள வாங்க" என்றாள் ஏர்லின். "அவன்கிட்ட சொல்லுங்க. எனக்கு அது போதும்."

சமையலறை மேசையில் ஆல்சீட் வெண்டைக்காய்க் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஹால்வர்சன் எதிரே உட்கார்ந்து கல்யாண நாளைச் சொன்னான். காலையில் சவரம் செய்யும்போது தாடையில் பட்ட வெட்டிலிருந்து தொடங்கினான். கையுறை, கோயில் வாசல், பூசையில் பாதிரியாருக்கு வந்த தும்மல், கூடத்துக்கு வெளியே மரத்தடியில் அக்கார்டியன், அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடியது, ஆடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே அவள் அவன் காதில் சொன்ன ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை ஹால்வர்சன் சொல்லவில்லை. ஏர்லினைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். ஏர்லின் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆல்சீட் கரண்டியை வைத்துவிட்டு முழுக்கக் கேட்டான். "அட!" என்றான் கடைசியில், முகமெல்லாம் மலர. "எவனோ குடுத்து வச்சவன்."

சென் ஒதிலில் இன்றும் சிலர் ஏர்லின் அத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்று சொல்வதுண்டு. அந்த மேசையருகே நின்றவள் அவள்தான். சொல்பவர்கள் யாரும் அங்கே இல்லை. சாப்பாடு முடிந்ததும் அவள் ஹால்வர்சனிடம், "இடிச்சுத்தானே உங்ககிட்ட வந்துச்சு. இடிச்சா திரும்பப் போகாதா?" என்று கேட்டாள்.

"ஏர்லினம்மா, வேண்டாம்" என்றான் க்ரூப்பா. "எப்பவும் ஒரு பக்கமாத்தான் போயிருக்கு."

"யாராவது திருப்பி முயற்சி பண்ணிப் பாத்தீங்களா?"

யாரும் பார்த்ததில்லை. ஹால்வர்சன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். "போயிட்டா எனக்கு ஒண்ணுமே மிச்சம் இருக்காது" என்றான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே, "இருந்தாலும் சரி. அது அவனோடது" என்றான்.

பின்கட்டில் பீக்கன் மரத்துக்குக் கீழே இருவரையும் நிறுத்தினார்கள். ஏர்லின் கணவனின் தோளைத் தொட்டு, "ஆல்சீட், இவரு உன்மேல ஓடி வருவாரு. நீ சும்மா நில்லு" என்றாள். அவன் சரி என்றான். க்ரூப்பா பழைய வழக்கத்தில், பந்தை அசைக்கும் முன் கத்தும் எண்ணிக்கையைக் கொடுத்தான். அந்தக் குரல் காதில் விழுந்ததும் ஆல்சீட்டின் உடம்பு தானாகவே குனிந்தது. வலது கை புல்லில் ஊன்றிற்று. பதினான்கு வருடமாகக் கலங்கிக் கிடந்த கண்கள் தெளிந்தன. அந்த முகத்தைப் பார்த்த ஏர்லினுக்கு, அவன் திரும்பி வந்துவிட்டான் என்றே தோன்றியது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் பாய்ந்துவிட்டான். சும்மா நிற்க அவனுக்கு எந்தக் காலத்திலும் தெரியாது.

ஹால்வர்சனின் காறை எலும்பு முறிந்த சத்தம் சமையலறைவரை கேட்டது. அவன் புல்லில் மல்லாந்து கிடந்தான். ஆல்சீட் மூச்சிரைக்க எழுந்து நின்று, கீழே கிடப்பவனுக்குக் கை கொடுத்தான். ஏர்லின் ஓடிவந்து கணவனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஆல்சீட். என்னைப் பாரு. நான் யாரு?"

அவன் பார்த்தான். யோசித்தான். பிடித்திருந்த கைகளை மெதுவாக, மரியாதையாக விலக்கினான்.

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றான். "நீங்க யாருன்னு தெரியலையே. யாரையாவது தேடறீங்களா?"

அவளுக்குப் பின்னால், தரையிலிருந்து, "ஏர்லின்" என்று ஒரு குரல் வந்தது. தாழ்ந்து, இளகி, ஒரு நாளைக்கு நூறு தரம் அவள் கேட்டுவந்த அதே விதத்தில். ஹால்வர்சன் தன் வாயை நல்ல கையால் பொத்திக்கொண்டான். க்ரூப்பா மரத்தின் பக்கம் திரும்பி நின்றான்.

ஆல்சீட் அதன்பின் ஐந்து வருடம் இருந்தான். அந்த வீட்டில் தன்னைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டான். அவள் உள்ளே வந்தால் எழுந்து நிற்பான். "சாப்டீங்களாம்மா?" என்று மூன்று வேளையும் கேட்பான். ஒருதரம், "உங்களுக்குப் புருஷன் இல்லையா?" என்று கேட்டான். இருக்கிறார் என்றாள். "உங்களை இப்படித் தனியா விட்டுட்டுப் போயிருக்காரே" என்று வருத்தப்பட்டான். அவள் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டே, அவர் நல்லவர்தான், வேலை அப்படி என்று சொன்னாள்.

2003 பிப்ரவரியில், மழை பெய்த ஒரு காலை, அவன் அரிசி களைந்துகொண்டிருந்தபோதே இறந்தான். அடக்கத்தன்று குடும்பத்தாருக்கான முன்வரிசைகளில் அவனிடம் இடிபட்ட பதினொரு பழைய ஆட்டக்காரர்கள் ஏர்லினோடும் டெசிரேயோடும் உட்கார்ந்தார்கள். ஹால்வர்சன் ஓரத்தில், கோணலாகக் கூடிய தோளோடு இருந்தான். எல்லாம் முடிந்தபின் அவன், "நான் இங்கயே இருந்துடட்டுமா?" என்று கேட்டான்.

ஏர்லின் அவன் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். "அவனோடது உங்கிட்ட இருக்கு, டென்னி. அதுக்காக நீ அவன் ஆயிட முடியாது. நான் உன்னைப் பாத்து அவனைத் தேடுவேன். உன் சம்சாரத்துக்கு நீ செஞ்சதை நான் உனக்குச் செய்ய மாட்டேன்." அவன் தலையசைத்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு தொலைபேசியில் கூப்பிடுவான். சில சமயம் கல்யாண நாளில் ஒரு சின்னத் துண்டைச் சொல்வான். பெரும்பாலும், "ஏர்லின்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைப்பான். அவள் அதற்காக வானொலியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள்.

பிறகு அவர்கள் ஒவ்வொருவராகப் போகத் தொடங்கினார்கள். பெரிய உடம்புக்காரர்களுக்கு ஆயுசு குறைவு. முதலில் ஓஹையோக்காரன் போனான். அவனோடு ஓடைக்கரையின் மீன் மாட்டாத பிற்பகல் போயிற்று. 2009இல் வெண்டல் க்ரூப்பா போனபோது ஏர்லின் கறுப்புடை உடுத்தி, பனியில் இரண்டு விமானம் மாறி நெப்ராஸ்காவுக்குப் போனாள். க்ரூப்பாவின் மனைவி அவளை முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். திரும்பி வந்தவளிடம் தியோஃபில், "யாரும்மா போனது?" என்று கேட்டார்.

"மாமனார்" என்றாள் ஏர்லின்.

யுலீஸோடு ஒரே ஆலையில் வேலை பார்த்தவர் தியோஃபில். மனதுக்குள் வருடத்தைக் கணக்கிட்டார். "மறுபடியுமா?" என்றார். "பாவம், ரெண்டாவது தரமாவது வலியில்லாம போனாரா?"

"தூக்கத்துல" என்றாள் அவள். அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு சென் ஒதிலில் யாரும் அவளிடம் யார் என்று கேட்பதில்லை. டெக்சாஸ்காரன் இறந்த வருடம், எந்த ஆளோடு எந்த நாள் போயிற்று என்று சரியாகத் தெரியாதவர்கள்கூட, அவள் கறுப்புடையில் பேருந்திலிருந்து இறங்கினால் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். லமார் ஸ்டோக்ஸின் அடக்கத்துக்கு டெசிரே மகள் என்ற முறையில் போய்ப் பெட்டியின் மேல் முதல் பூவை வைத்தாள். அவளும் அவள் அம்மாவும் தண்ணீரைக் கடந்து வந்த நாளை அதன்பின் உலகத்தில் ஏர்லின் ஒருத்தி மட்டுமே கண்டவளாக மிஞ்சினாள்.

2016 ஜனவரியில் ஒரு ஞாயிறு தொலைபேசி ஒலிக்கவில்லை. திங்கட்கிழமை ஹால்வர்சனின் மூத்த மகன் கூப்பிட்டுச் சொன்னான். ஏர்லின் மினசோட்டாவுக்குப் போய் வந்தாள். ஹால்வர்சனின் மகன்கள் அவளை மரியாதையாக நடத்தினார்கள். அப்பாவின் வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது என்றார்கள். ஊர் திரும்பியவள் வீட்டுக்குப் போகும் வழியில், காப்பித்தூள் இருக்காதே என்ற நினைப்பில், தியோஃபிலின் கடையில் நுழைந்தாள். எண்பதைத் தாண்டிய தியோஃபில் கல்லாவுக்குப் பின்னால் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் உடையைப் பார்த்தார்.

"இந்தத் தடவ எதும்மா போச்சு?"

"கல்யாணம்" என்றாள் ஏர்லின்.

தியோஃபில் தொப்பியைக் கழற்றினார். காப்பித்தூளைத் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டு, கடைக்கதவைச் சாத்திக்கொண்டு, மகளிடம் விஷயத்தைச் சொல்ல உள்ளே போனார். மகள் எதிர்வீட்டுக்குச் சொன்னாள். பிற்பகலுக்குள் சோறும், வறுத்த கோழியும், சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பணியாரமும், சிவப்பு பீன்ஸும் ஏர்லினின் சமையலறை மேசைக்கு வந்து சேர்ந்தன. பெண்கள் குரல் தாழ்த்திப் பேசினார்கள், ஒருத்தி நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடினாள், இன்னொருத்தி ஏர்லினின் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பிடித்துவிட்டாள். பாத்திரம் ஒவ்வொன்றின் அடியிலும், துக்க வீட்டுக்குக் கொண்டுபோகும் பாத்திரங்கள் பிற்பாடு மாறிப்போகாமல் இருக்க அவ்வூரில் எல்லோரும் செய்வதுபோல, உரியவர் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது.